மலை இறங்கும் இடம்: அடிவார நிலம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவு முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை நிலம் இருக்கிறது. தடாகம், தொண்டாமுத்தூர், காரமடை, ஆனைமலை, பெரியகுளம், போடி, தென்காசி எல்லாம் இந்தப் பட்டையில் வரும் ஊர்கள்தான். மனை விலை ஏறுவதும் இங்கேதான், செம்மண் வெட்டுவதும் இங்கேதான், யானை இறங்குவதும் இங்கேதான். மலைக்கென்று போட்ட சட்டமும் சமவெளிக்கென்று போட்ட சட்டமும் இந்தப் பட்டையில் வந்து பாதிப் பாதியாக நிற்கின்றன. இந்த நிலம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நிலவியல், வேளாண் பொறியியல், நகரமைப்பு தெரிந்தவர்கள் இங்கே பதில் சொல்கிறார்கள்.

கே: எங்கள் தோட்டத்துக்கு மேற்கே, மலைப்பக்கமாக, புதிதாக சைட் பிரித்திருக்கிறார்கள். நடுவில் வந்த பள்ளத்தை (மழைநீர் ஓடையை) மூடி, ஒரே ஒரு ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) புதைத்து, மேலே ரோடு போட்டுவிட்டார்கள். "வருசத்துல பத்து நாள்கூட இதுல தண்ணி வராது, இந்த பைப்பே போதும்" என்கிறார்கள். போதுமா?
– விவசாயி, தொண்டாமுத்தூர்

ப: போதாது. எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்பதை வைத்து பைப் அளவை முடிவு செய்யக்கூடாது. வருகிற நாளில், மழை உச்சத்தில் இருக்கும்போது, நொடிக்கு எவ்வளவு வருகிறது என்பதுதான் கணக்கு. அதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பள்ளத்துக்கு மேலிருந்து எவ்வளவு பரப்பின் மழைநீர் வந்து சேருகிறது என்று பாருங்கள். 1:50,000 அளவுள்ள சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இருக்கும். பள்ளத்தின் இரு பக்கத்து மேடுகளையும் இணைத்துக் கோடு போட்டால் பரப்பு கிடைத்துவிடும். உங்கள் பள்ளத்துக்கு 100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டுகிறது. அடிவாரக் கோடைமழைக்கும் ஐப்பசி மழைக்கும் இது பெரிய வேகமில்லை. புதரும் புல்லும் மூடிய நிலமென்றால் பெய்ததில் சுமார் 30 சதவீதம் ஓடி வரும். 0.3 × 80 × 40 என்று பெருக்கி, அலகை மாற்ற 360-ஆல் வகுத்தால் நொடிக்கு 2.7 கன மீட்டர் கிடைக்கும்.

இப்போது 900 மில்லிமீட்டர் ஹியூம் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில் பதித்து, உள்ளே ஒரு குச்சிகூட இல்லாமல் முழுதாக ஓடினால் நொடிக்கு 1.8 கன மீட்டர்தான் கடத்தும். ஆக, சைட் போடுவதற்கு முந்தைய நிலைமைக்கே ஒரு பைப் பற்றாது. மேலே உள்ள நிலம் முழுவதும் ரோடும் கூரையும் ஆகிவிட்டால் ஓடிவரும் பங்கு 60 சதவீதம் வரை போகும். அப்போது தண்ணீர் நொடிக்கு 5.3 கன மீட்டர். அதுவும் முன்பைவிட வேகமாக வந்து சேரும், ஏனென்றால் தார் ரோடு தண்ணீரைத் தாமதிக்க விடாது.

நடைமுறையில் பைப் முழு அளவுக்கு ஓடுவதே இல்லை. மலைப்பள்ளம் தண்ணீரோடு கல், மண், முள், மரக்கிளை எல்லாவற்றையும் கொண்டுவரும். உண்ணிச்செடித் தூர் ஒன்று பைப் வாயில் குறுக்கே விழுந்தால் போதும், அதன்மேல் சருகு படிந்து அரை மணி நேரத்தில் அடைத்துவிடும். அடைத்த தண்ணீர் ரோடு ஏறும், தாழ்வான பக்கம் எதுவோ அங்கே இறங்கும். பெரும்பாலும் அது கீழே இருக்கும் தோட்டம்தான். அடிவாரத்தில் சரிவு திடீரென்று குறைவதால் பள்ளம் கொண்டுவந்த கல்லையும் மணலையும் இங்கேதான் இறக்கிவைக்கும். அதனால் இத்தகைய பள்ளங்கள் பழைய தடத்தை விட்டுப் புதுத் தடம் பிடிப்பதும் சகஜம். ஒருமுறை உங்கள் தோட்டத்துக்குள் வழி கண்டுபிடித்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்புவது லேசல்ல.

பைப்புக்குப் பதிலாக 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரமுள்ள பெட்டிப் பாலம் கட்டச் சொல்லுங்கள். அதே சரிவில் நொடிக்கு 8 கன மீட்டருக்கு மேல் தாங்கும், கிளை வந்தாலும் வெளியே போகும், ஆள் உள்ளே இறங்கி மண் அள்ளலாம். கீழ்ப்பக்க வாயில் 3, 4 மீட்டர் நீளத்துக்குக் கல் பதித்து, முடிவில் ஒரு மீட்டர் ஆழத் தடுப்புச்சுவர் கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிட்டால் வேகமாக வெளியேறும் தண்ணீர் கீழே குழி பறித்து, சில மழையில் பாலத்தின் அடியையே அரித்துவிடும்.

பதிவேடு பக்கம்: உங்கள் கிராம வரைபடம், அந்தச் சர்வே எண்ணின் புல வரைபடம், 'அ' பதிவேடு (நிலத்தின் வகையும் உரிமையும் பதிவான கிராமக் கணக்கு) மூன்றையும் எடுங்கள். 'ஓடை' அல்லது 'பள்ளம்' புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் அதை மூட யாருக்கும் உரிமை இல்லை. வட்டாட்சியருக்கும், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும், நீர்வளத் துறைக்கும் ஒரே மனுவை, மேலே சொன்ன கணக்கையும் இணைத்துக் கொடுங்கள். சிக்கல் எங்கே வருமென்றால், அடிவாரத்தின் சிறு பள்ளங்கள் பல, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும், பதிவேட்டில் இருக்காது. அப்போது பழைய நில வரைபடமும், கூகுள் எர்த்தில் வருடவாரியாகப் பின்னோக்கிப் பார்க்கும் படங்களும்தான் சாட்சி. மழை பெய்யும்போது எடுத்த வீடியோ ஒன்று கையில் இருந்தால் பத்து மனுவுக்குச் சமம்.

கே: ஆனைமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் 10 சென்ட் வாங்கி வீடு கட்ட எண்ணம். "இது ஹாக்கா கிராமம்" என்று ஒருவர் பயமுறுத்துகிறார், "மலை எங்கேயோ இருக்கு, உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று புரோக்கர் சொல்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, பொள்ளாச்சி

ப: இருவரையும் விட்டுவிட்டு அரசாணைப் பட்டியலைப் பாருங்கள். ஹாக்கா என்பது மலையிடப் பாதுகாப்புக் குழுமம், 1990-இல் அமைக்கப்பட்டது. அதன் கட்டுப்பாட்டில் வரும் இடங்கள் வருவாய்க் கிராமப் பெயராகவே அறிவிக்கப்பட்டிருக்கின்றன. மலைக்கும் உங்கள் மனைக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பது கேள்வியே இல்லை. கிராமம் பட்டியலில் இருந்தால் அதன் கடைசி வயல்வரை கட்டுப்பாடு உண்டு. இதனால் மலையை ஒட்டிய ஒரு மனை பட்டியலுக்கு வெளியேயும், தள்ளி இருக்கும் மனை உள்ளேயும் வர வாய்ப்பு இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை அதுதான், ஆனால் சட்டம் இப்போது அப்படித்தான்.

பட்டியலில் இருந்தால், மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் வழக்கமான அனுமதியோடு வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும். காட்டு எல்லையிலிருந்து தூரம், யானைத் தடம், நிலச்சரிவு, மண் அரிப்பு, ஓடை இவற்றைத்தான் பார்ப்பார்கள். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் (1955) அமலில் உள்ள கிராமமென்றால், உங்கள் சொந்த நிலத்து மரமானாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. ஜேசிபி வருவதற்கு முன் இதை விசாரித்துவிடுங்கள்.

ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால், 'பண்ணை நிலம்' என்ற பெயரில். 20, 25 சென்ட்டாகப் பிரித்து, வேலி போட்டு, நாலு தென்னை நட்டு விற்பார்கள். மனைப்பிரிவு அனுமதி இருக்காது. வாங்கிய பிறகு வீட்டுக்கு அனுமதி கேட்டுப் போனால்தான் தெரியவரும். முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) எல்லைக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கே 2017 விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்ற வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவு எண்ணைக் கேளுங்கள்.

கே: நிலத்தின் சரிவு எத்தனை சதவீதம் என்று எப்படி அளப்பது? எந்தச் சரிவில் எதைச் செய்யலாம்?
– வாசகர், பெரியகுளம்

ப: கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள நிறமில்லாத குழாய், 15 மீட்டர் நீளம். இரண்டு நேரான குச்சிகளில் சென்டிமீட்டர் குறித்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் நிரப்பும்போது ஒரு முனையை உயரமான வாளியில் வைத்து மெதுவாக இழுத்து விடவேண்டும். அவசரமாக ஊற்றினால் காற்றுக்குமிழ் உள்ளே நிற்கும். ஒரே ஒரு குமிழ் இருந்தாலும் அளவு பல சென்டிமீட்டர் தவறிவிடும். நிரப்பியதும் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டம் சமமாக இருந்தால்தான் குழாய் சரி.

சரிவு ஏறும் திசையில் 5 மீட்டர் இடைவெளியில் இரு குச்சிகளை நிறுத்தி, இரண்டிலும் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வித்தியாசம் எடுங்கள். 5 மீட்டருக்கு 1.1 மீட்டர் வித்தியாசம் என்றால் 22 சதவீதம். பத்து மீட்டராக அளக்கலாமே என்று தோன்றும். 30 சதவீதச் சரிவில் பத்து மீட்டருக்கு 3 மீட்டர் உயரம் மாறும், குச்சி எட்டாது. இப்படி ஐந்தாறு இடத்தில் எடுங்கள், சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், அதிகபட்சம் எவ்வளவு என்றும் பாருங்கள். வரைபடத்திலும் முடியும்: 1:50,000 தாளில் 20 மீட்டர் இடைவெளியுள்ள இரு சமஉயரக் கோடுகள் 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் தரையில் 200 மீட்டர், அதாவது 10 சதவீதம். 2 மில்லிமீட்டர் என்றால் 20 சதவீதம்.

எந்தச் சரிவில் எது? 6 சதவீதம் வரை சமஉயர வரப்பு போட்டு மானாவாரிப் பயிர் செய்யலாம். அதற்கு மேல் 33 சதவீதம் வரை படிக்கட்டு வயல் அமைத்தால்தான் மண் நிற்கும். 33-க்கு மேல் உழவே கூடாது, மரமும் புல்லும்தான். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழுவும் 30 சதவீதத்துக்கு மேல் ஆண்டுப் பயிர் வேண்டாம் என்றுதான் 2011-இல் சொன்னது. வீட்டுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். 10 மீட்டர் அகல வீட்டுக்கு 30 சதவீதச் சரிவில் சமதளம் வெட்டினால் பின்பக்கம் 3 மீட்டர் மண்சுவர் நிற்கும். பாதி வெட்டி பாதி நிரப்பினால் ஒன்றரை மீட்டர் வெட்டு, ஒன்றரை மீட்டர் நிரவல். நிரவல் மண் மேல் வரும் பாதி வீடுதான் முதலில் விரிசல் விடும்.

கே: தாங்குசுவர் கட்டி இரண்டே மழைக்காலத்தில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. சிமென்ட் குறைவா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

ப: சிமென்ட் அல்ல, தண்ணீர். சுவருக்குப் பின்னால் சேரும் நீருக்கு வெளியேற வழி இல்லாமல் போனால் எந்தச் சுவரும் தள்ளும். மேலும் கீழுமாக ஒன்றரை மீட்டர் இடைவெளியில் 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய்கள், வெளிப்பக்கம் சற்றே சாய்வாக. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே 30 சென்டிமீட்டராவது ஜல்லி நிரப்பு. ஜல்லி போடாமல் குழாய் மட்டும் வைத்தால் களிமண் அடைத்து ஒரே வருடத்தில் அது வெறும் அலங்காரம் ஆகிவிடும். 3 மீட்டர் உயரக் கருங்கல் சுவருக்கு அடி அகலம் ஒன்றரை மீட்டருக்குக் குறையக்கூடாது. தள்ளிய சுவரை வெளியே பூசி மறைப்பது ஆபத்து. கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் மழைக்கு முன் மேற்பாதியைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

கே: எங்கள் பக்கம் செங்கல் சூளைக்காக வெட்டிய குழிகள் அப்படியே கிடக்கின்றன. மண் கொட்டி மூடலாமா, மழைநீர்க் குட்டையாக விடலாமா?
– வாசகர், சின்னத்தடாகம்

ப: தடாகம் பள்ளத்தாக்கில் 180-க்கும் மேற்பட்ட சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. சூளை நின்றது, குழி நிற்கிறது. ஒவ்வொரு குழிக்கும் ஒரே மருந்து கிடையாது. குழி பள்ளத்தின் தடத்தில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

தடத்திலேயே இருக்கும் குழி இருபக்கமும் கெடுக்கும். ஒரு ஏக்கர் பரப்பு, 8 மீட்டர் ஆழமுள்ள குழியின் கொள்ளளவு சுமார் 32,000 கன மீட்டர். முதல் பதிலில் பார்த்த 100 ஏக்கர் பள்ளம், உச்ச வேகத்தில் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினாலே 9,600 கன மீட்டர்தான் வரும். அப்படி மூன்று பெருமழை குழிக்குள் போன பிறகுதான் கீழே இருக்கும் குட்டைக்கு ஒரு சொட்டு போகும். மேல்பக்கமோ, தண்ணீர் குழிக்குள் அருவியாக விழுவதால் பள்ளத்தின் படுகை பின்னோக்கி அறுத்துக்கொண்டே மலைப்பக்கம் ஏறும். கரையில் உள்ள மரம், பாதை, வரப்பு ஒவ்வொன்றாகச் சாயும். தடாகம் பக்கத்து மழைநீர்தான் சங்கனூர்ப் பள்ளம் வழியே கோவை நகருக்குள் போகிறது என்பதால் இது உங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. ஒரு வருடம் குட்டை காயும், அடுத்த வருடம் அறுத்த மண் மொத்தமும் நகரத்துச் சாக்கடையில் போய்ப் படியும்.

இத்தகைய குழியில் முதல் வேலை நுழைவாய். தண்ணீர் விழும் விளிம்பில் கல் பதித்த படிகள் கட்டி, ஒவ்வொரு படியும் ஒரு மீட்டருக்கு மிகாமல், அடியில் பெருங்கல் மெத்தை போட்டு இறக்க வேண்டும். இரண்டாவது, கீழ்ப்பக்க விளிம்பில் பழைய படுகை மட்டத்துக்கு ஒரு வழிந்தோடி. குழி நிரம்பினால் நீர் அதே பழைய பள்ளத்தில் போகவேண்டும், பக்கத்துத் தோட்டத்தில் அல்ல. முடிந்தால் குழியைச் சுற்றி ஒரு மாற்று வாய்க்காலும் அமைத்து, வரும் நீரில் பாதியை நேராகக் கீழே விடலாம். கீழ்க்குட்டைப் பாசனக்காரர்களைக் கேட்காமல் முழுதையும் குழிக்குள் திருப்புவது நியாயமில்லை.

தடத்துக்குத் தள்ளி இருக்கும் குழியில் பக்கச்சுவர்தான் ஆபத்து. செங்குத்தாக 8 மீட்டர் நிற்கும் செம்மண் சுவர் காய்ந்திருக்கும்வரை கல் மாதிரி நிற்கும், நனைந்தால் பாளம் பாளமாக விழும். ஒவ்வொரு 3 மீட்டர் உயரத்துக்கும் 2 மீட்டர் அகலப் படி விட்டு, நடுச்சுவரை ஒன்றுக்கு ஒன்று என்ற சாய்வுக்குச் சீவ வேண்டும். பக்கத்துப் பட்டா எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விடவேண்டும் என்பது குவாரி உரிமத்தில் வழக்கமாக உள்ள நிபந்தனை. பல இடங்களில் அது மீறப்பட்டிருப்பதால் சீவுவதற்கே இடமிருக்காது. அங்கே மட்டும் அடியில் மண் கொட்டி அணைகொடுத்துச் சாய்வாக்கலாம். ஒரு பக்கமாவது 4 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவுப்பாதை கட்டாயம் வைக்கவேண்டும். தண்ணீருக்கு இறங்கும் யானைக்குட்டியும் மாடும் ஏறிவர அதுதான் வழி.

மூடுவதாக இருந்தால் மண்ணால் மட்டும். இடித்த கட்டடக் கழிவு, நகரக் குப்பை, சாயக்கழிவு எதுவும் கூடவே கூடாது. மலையடிவாரத்து மண் தளர்வானது, நீரை வேகமாக உள்ளே இழுக்கும். கோவை நகரில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான். மலையில் பெய்வது பல மடங்கு. அந்த மலைநீர் பாறை இடுக்குகளுக்குள் இறங்குவது இந்தப் பட்டையில்தான். இங்கே புதைக்கும் குப்பையின் கசிவு கீழே உள்ள ஊர்களின் போர்வெல்லில் வந்து நிற்கும். "சும்மா மூடித் தர்றோம்" என்று லாரி அனுப்ப யாராவது முன்வந்தால், லாரியில் என்ன வருகிறது என்று பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். கரையில் வேம்பு, புங்கன், உசிலை, வெள்வேல் வையுங்கள். வாழையும் மூங்கிலும் அங்கே வேண்டாம், யானையை அழைத்துவரும்.

கே: இமயமலை அடிவாரத்திலும் இதே நிலைதானா?
– கல்லூரி மாணவி, கோவை

ப: தத்துவம் ஒன்று, அளவு வேறு. அங்கே மலை முடியும் இடத்தில் 'பாபர்' என்னும் கூழாங்கல் பட்டை, 8 முதல் 16 கிலோமீட்டர் அகலம். சிற்றாறுகள் அதற்குள் புகுந்து மறைந்துவிடும், கீழே 'தராய்' என்ற சதுப்புப் பட்டையில் மறுபடி மேலே வரும். நம் பக்கம் பட்டை ஒடுக்கம், அடியில் கெட்டிப்பாறை. அதனால் நீரைப் பிடித்துவைக்கும் இடமும் குறைவு. கெடுத்தால் ஈடுசெய்ய வேறு இடம் கிடையாது.

கே: ஊரக வேலைத் திட்டத்தில் மலைச்சரிவு முழுக்கச் சமஉயரக் குழி வெட்டலாம் என்கிறார்கள். நல்லதா?
– வாசகர், கடையநல்லூர்

ப: சரிவு 25 சதவீதத்துக்குள், மண் ஆழம் குறைவு, கீழே வீடு இல்லை என்றால் நல்லது. 4 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் ஒரு குழி ஒரு கன மீட்டர் பிடிக்கும். 50 மில்லிமீட்டர் மழையில் ஒரு ஹெக்டேரில் விழுவது 500 கன மீட்டர், ஓடுவது அதில் 150 என்றால், ஹெக்டேருக்கு 150 குழி. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் குழிகள் மாறி மாறி வரவேண்டும். மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டவேண்டும். கண் மதிப்பில் வெட்டினால் ஒரு முனை தாழ்ந்துபோய், குழியில் சேரும் நீர் முழுதும் அந்த முனையில் உடைத்துக்கொண்டு ஓடும். குழி வெட்டாமல் இருந்தால்கூட அவ்வளவு அரிப்பு இருந்திருக்காது.

ஆனால் செங்குத்தான சரிவில், ஆழமான மண், கீழே குடியிருப்பு என்றால் குழி வெட்டாதீர்கள். அங்கே நீரை உள்ளே இறக்குவதே ஆபத்து. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொடர்மழையில் ஊறிய மண் பாரம் தாங்காமல் இறங்கியதுதான் காரணம். அத்தகைய இடத்தில் வீடுகளுக்கு மேலே நூற்றுக்கு ஒன்று என்ற லேசான வாட்டத்தில் கல் பதித்த வாய்க்கால் வெட்டி, நீரை இயற்கை ஓடையில் சேர்த்துவிட வேண்டும். ஒரே திட்டத்தை மலை முழுக்க ஒரே மாதிரி போடுவதுதான் தப்பு.

கே: யானைக்கு அகழி நல்லதா, சோலார் வேலி நல்லதா?
– விவசாயி, காரமடை

ப: பராமரிப்பு இருந்தால் இரண்டும் பயன்படும், இல்லாவிட்டால் இரண்டும் வீண். அகழி சுமார் 3 மீட்டர் அகலம், இரண்டரை முதல் 3 மீட்டர் ஆழம் இருக்கவேண்டும். கெட்டி மண்ணில் நிற்கும். ஓடை குறுக்கே வரும் இடத்தில் அகழியை விடமுடியாது, அந்த இடைவெளிதான் யானைக்கு வாசல். கரையைக் காலால் இடித்து மண்ணைத் தள்ளி இறங்கி ஏறவும் அதற்குத் தெரியும். இரண்டு மழைக்குப் பிறகு வண்டல் அள்ளாவிட்டால் ஆழம் பாதியாகிவிடும்.

சோலார் வேலி, நொடிக்கொரு முறை மிகக் குறுகிய அதிர்ச்சி தருவது. புல்லும் கொடியும் கம்பியில் தொட்டால் மின்னழுத்தம் நிலத்துக்குள் கசிந்துவிடும். தினமும் மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும், 5,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிகிறது. கோடையில் மண் காய்ந்ததும் எர்த் பிடிக்காது. 3 மீட்டர் இடைவெளியில் மூன்று எர்த் கம்பி அடித்து, அந்த இடத்தை ஈரமாக வைத்திருங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலை. யானைக்கு மட்டுமல்ல, விடியற்காலை தோட்டத்துக்கு வரும் உங்கள் ஆளுக்கும். 2023-இல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவும் தேவை.

இதைத் தனித்தனியாகச் செய்வதில்தான் பெரிய கேடு. ஒருவர் வேலி போட்டால் யானை அடுத்தவர் தோட்டத்துக்குப் போகும். பத்துப் பேர் போட்டால் ரோட்டுக்கு வரும். உங்கள் பக்கம் கல்லாறு–ஜக்கனாரி வழித்தடம் நீலகிரிச் சரிவின் இரு பக்கக் காடுகளை இணைக்கிறது. அந்த வாயை அடைத்துவிட்டு வேலிக்கு எவ்வளவு செலவழித்தாலும் தீராது. நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தை 2010-இல் தமிழக அரசு அறிவித்ததை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வழியை முதலில் விட்டுவிட்டு, அதன் இரு ஓரமும் தொடர்ச்சியாக வேலி போடுவதே சரியான வரிசை. வழியை ஒட்டிய முதல் வயல்களில் வாழை, கரும்பு, மக்காச்சோளத்தைத் தவிர்த்து மஞ்சள், மிளகாய் வைத்தால் வேலியின் சுமையும் குறையும்.

கே: அடிவாரத்துக்கென்று தனித் திட்டம் சட்டத்தில் உண்டா? மேற்குத் தொடர்ச்சி மலை அறிவிக்கை வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?
– வாசகர், கோவை

ப: 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், புதுநகர் வளர்ச்சித் திட்டம், விரிவு வளர்ச்சித் திட்டம் என்று வகைகள் உண்டு. மலையும் சமவெளியும் சேர்ந்த பரப்புக்கு மண்டலத் திட்டம்தான் பொருத்தமான கருவி. நடைமுறையில் ஊர்கள் வளர்ந்தது முழுமைத் திட்டத்தை வைத்து. 1994-இல் ஒப்புதலான கோவைத் திட்டம் கால் நூற்றாண்டுக்கும் மேல் பயன்பாட்டில் இருந்தது. நகரைச் சுற்றி எல்லை போடும் திட்டம் பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்காது. எல்லைக்கு உள்ளே ஓடையின் வால் இருக்கும், தலை வெளியே இருக்கும்.

மத்திய அரசின் வரைவு அறிவிக்கை, கஸ்தூரிரங்கன் குழுவின் 2013 அறிக்கையை ஒட்டியது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31-இல் வெளியானது. சூழல் நுட்பமான பகுதி என்று அது குறிப்பது ஆறு மாநிலங்களில் 56,825 சதுர கிலோமீட்டர், தமிழகத்தில் 6,914. சுரங்கம், குவாரி, சிவப்புப் பட்டியல் (அதிகம் மாசுபடுத்தும்) தொழில்கள், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்கள் இவற்றுக்குத் தடை சொல்கிறது. விவசாயத்தையோ குடியிருக்கும் வீட்டையோ தொடவில்லை. ஆனால் கிராமத்தின் பரப்பில் குறைந்தது 20 சதவீதமாவது சூழல் நுட்பமான நிலமாக இருந்தால்தான் அந்தக் கிராமம் பட்டியலில் வரும் என்பது அடிப்படை. மலை ஓரம் கொஞ்சம், சமவெளி நிறைய என்று இருக்கும் அடிவாரக் கிராமம் இந்தக் கணக்கில் வெளியே நின்றுவிடும். கட்டுப்பாடு மலையில் இறுகினால் குவாரியும் விடுதியும் நகர்ந்துவரும் இடம் அதுதான். ஆகவே அறிவிக்கை வந்தாலும் அடிவாரத்துக்குத் தனியாகத் திட்டம் வேண்டும்.

கே: எங்கள் ஊராட்சி அளவில் நாங்களே எதையாவது தொடங்க முடியுமா?
– முன்னாள் வார்டு உறுப்பினர், போடி

ப: முடியும். ஊராட்சி எல்லையை மறந்துவிட்டு ஓடையைப் பிடியுங்கள். ஒரு ஓடை, அதன் மலைமுகடு முதல் அது வந்து சேரும் முதல் கண்மாய் வரை, இதுதான் அலகு. பெரும்பாலும் மூன்று, நான்கு ஊராட்சிகள் இதில் வரும். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்மாய்ப் பாசனக்காரர், மேலே ஆடு மாடு மேய்ப்பவர், வன உரிமைக் குழு இருந்தால் அவர்களும் வரவேண்டும். மேலே நடப்பது கீழே இருப்பவருக்குத் தெரியாமல் போவதால்தான் பாதி வழக்குகள்.

கிராம வரைபடங்களை ஒட்டி ஒரே தாளாக்குங்கள். அதை எடுத்துக்கொண்டு ஓடையை மேலிருந்து கீழாக நடந்து பாருங்கள். ஐந்து விஷயம் குறித்தால் போதும்: பதிவேட்டில் இருந்து தரையில் காணாமல் போன ஓடை; தரையில் இருந்து பதிவேட்டில் இல்லாத ஓடை; மண் வெட்டிய குழி; பைப், பாலம் ஒவ்வொன்றின் அகலமும் உயரமும்; யானை, காட்டுமாடு கடக்கும் இடம். பால அளவை வரிசையாக எழுதினாலே பாதி உண்மை வெளியே வரும். மேலே 3 மீட்டர் பாலம், நடுவில் 900 மில்லிமீட்டர் பைப், கீழே மறுபடி 3 மீட்டர் என்று இருந்தால் வெள்ளம் எங்கே வரும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

பிறகு தீர்மானம். "இயற்கையைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் எந்த அலுவலகத்திலும் நடவடிக்கை எடுக்க முடியாது. சர்வே எண் போட்டு எழுதுங்கள்: இன்ன எண்ணில் உள்ள ஓடையை அளந்து கல் நட வேண்டும், பதிவில்லாத இன்ன பள்ளத்தின் இரு கரையிலும் இத்தனை மீட்டரில் மனைப்பிரிவுக்கு ஊராட்சி ஆட்சேபம் தெரிவிக்கிறது, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ஒதுக்க வேண்டிய 10 சதவீதத் திறந்தவெளியை ஓடைக்கரையை ஒட்டியே கேட்கிறோம். இந்தக் கடைசி வரி முக்கியம். வழக்கமாக மனைக்கு உதவாத மூலையைத்தான் பூங்காவுக்கு ஒதுக்குவார்கள். கரையை ஒட்டி வாங்கினால் ஓடைக்கு அகலம் கிடைக்கும், பின்னால் வரும் மனைப்பிரிவும் அதே வரிசையில் சேர்ந்துகொள்ளும்.

தீர்மான நகல் ஆட்சியருக்கும், மாவட்டத் திட்டக்குழுவுக்கும், நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும், வனக்கோட்டத்துக்கும் போகட்டும். கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. நடைப்பயணத்தை ஆவணியிலேயே முடித்துவிட்டு அக்டோபர் 2 கூட்டத்தில் தீர்மானத்தை வையுங்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய மழை நவம்பர் 1 கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டால், எந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறியது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று படத்தோடு அந்தக் கூட்டத்திலேயே இணைப்பாகச் சேர்த்துவிடலாம்.